கல்லீரலும் கணையமும்

மனித உடலின் உள்ளுறுப்புக்களுள் அளவாற் பெரியது கல்லீரல். வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளின் காவலில், உதரவிதானத்திற்குக் கீழே செம்பழுப்பு நிறத்தோடு அது படிந்து கிடக்கின்றது. வளர்ந்தவர் ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. அதன் அருகே, இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் ஒளிந்து கிடப்பது கணையம். கல்லீரல் வீங்கினால் மருத்துவர் விலாவின் கீழே விரல்களை வைத்து அழுத்தியே அறிந்துவிடுவார். கணையமோ கைக்கும் கண்ணுக்கும் எட்டாதது.

உண்ட உணவு செரித்துக் குருதியிற் கலந்ததும் முதலில் சென்று சேரும் இடம் கல்லீரலே. குடலிலிருந்து வரும் குருதியை ஏற்று, சத்தைச் சேமித்து, நஞ்சை முறித்து, பின்னரே அதனை உடலெங்கும் செல்ல விடுகின்றது. பித்தநீரைச் சுரப்பதும் அதன் தொழிலாகும். கணையத்திற்கு இரு தொழில்கள் உண்டு. செரிமான நீரைச் சுரந்து முன்சிறுகுடலுக்கு அனுப்புவது ஒன்று. இன்சுலினைச் சுரந்து குருதியிலுள்ள சர்க்கரையை ஆள்வது மற்றொன்று. கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதியை ஊடுருவிச் சென்றே குடலை அடைகின்றது. ஆதலின் இவ்விரண்டும் ஒரு சுவரை இடையிற்கொண்ட அண்டை வீட்டார் போல்வன. ஒரு வீட்டில் நேரும் இடர் மற்ற வீட்டின் வாயிலையும் அடைத்துவிடும்.

உடலிலுள்ள உயிரணுக்கள் அளவறிந்து பெருகி, அளவறிந்து மடிவன. அந்த அளவை மறந்து சில அணுக்கள் கட்டின்றிப் பெருகிப் பரவுவதே புற்றுநோய். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் கல்லீரற் புற்றுநோய் ஏறத்தாழ 8,66,000 பேருக்குப் புதிதாகக் கண்டது. அந்நோயால் அவ்வாண்டில் இறந்தோர் ஏறத்தாழ 7,58,000 பேர். கணையப் புற்றுநோய் கண்டோர் 5,11,000 பேர். இறந்தோர் 4,67,000 பேர். நோயுற்றோர் தொகையும் இறந்தோர் தொகையும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன. தொடக்கத்தில் வலி இன்மையே இதற்குத் தலையாய காரணம் எனலாம். கல்லீரல் தன்னில் ஒரு பகுதி கெட்டாலும் எஞ்சிய பகுதியைக் கொண்டே தொழிலை நடத்திவிடும். கணையமோ மறைவில் இருப்பது. நோயாளர் மருத்துவரிடம் வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கும்.

எனினும் இவ்விரு நோய்களோடும் மருத்துவர்கள் போராடிய வரலாறு ஒன்றுபோல் அமையவில்லை. ஒரு நோயில், அது நுழையும் வாயில் எதுவெனத் தெரிந்தது. அவ்வாயிலை அடைக்கவும் முடிந்தது. மற்றொன்றில் அத்தகைய ஒரே வாயில் இன்றளவும் அகப்படவில்லை.

வாயிலைக் கண்டவர் புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். அமெரிக்க மருத்துவ அறிஞர் பரூக் பிளம்பர்க், மாணவராய் இருந்தபோது தென்னமெரிக்காவிலுள்ள சூரினாமில் சில காலம் பணி செய்தார். பல நாடுகளிலிருந்து வந்து அங்குக் குடியேறியிருந்த மக்களுள் சிலரை யானைக்கால் நோய் எளிதிற் பற்றுவதையும், வேறு சிலரை அது அவ்வாறு பற்றாமையையும் கண்டார். இவ்வேறுபாட்டிற்குக் குருதியிலேயே காரணம் உண்டோ என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னாளில் பல நாட்டு மக்களின் குருதியைத் திரட்டி வைத்து ஆராயலானார். பிறர் குருதியைப் பலமுறை ஏற்றிக்கொண்ட நோயாளரின் உடலில், அயற் புரதங்களை எதிர்க்கும் பொருள்கள் தோன்றியிருக்கும் என்பது அவர் கருத்து. அத்தகைய நோயாளரின் குருதிநீரை ஏனையோர் குருதிநீரோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஒருவரின் குருதிநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதிநீரோடு சேர்ந்து ஒரு மெல்லிய கோட்டைத் தோற்றுவித்தது. இதுவரை அறியப்படாத ஒரு பொருள் அங்கே இருந்தது. 1965ஆம் ஆண்டில் பிளம்பர்க் இதனை வெளியிட்டார். ஆஸ்திரேலிய ஆன்டிஜென் என்பது அப்பொருளுக்கு இடப்பட்ட பெயர்.

பெயர் இட்டாயிற்று, அஃது இன்னது என்பதுதான் விளங்கவில்லை. அப்பொருள் இல்லாதிருந்த நோயாளர் ஒருவரின் குருதியில் பின்னொரு சோதனையில் அது காணப்பட்டது. இடையில் அவருக்குக் கல்லீரல் அழற்சி உண்டாகியிருந்தது. சின்னாட் சென்றபின் அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெண்மணி ஒருவர் உடல்நலம் குன்றினார். அவர் தம் குருதியைத் தாமே சோதித்தார். அங்கும் அந்த மெல்லிய கோடு தோன்றியது! விரைவில் அவருக்குக் காமாலை கண்டது, பின்னர் நலமுற்றார். மரபுவழிப் புரதம் என்று எண்ணப்பட்ட அப்பொருள், கல்லீரலை அழற்றும் ஒரு வைரஸின் மேலுறையே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அவ்வைரஸ் இன்று ஹெப்பட்டைட்டிஸ் பி எனப்படுகின்றது. நோயுற்றோர் குருதியிலிருந்து அம்மேலுறையை மட்டும் பிரித்தெடுத்தால் அதுவே நோயைத் தடுக்கும் மருந்தாகும் என்று பிளம்பர்க்கும் அவருடைய துணைவர் இர்விங் மில்மனும் 1969ஆம் ஆண்டில் காட்டினர். பிளம்பர்க் 1976ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டில் இத்தடுப்பு மருந்துக்கு இசைவு அளிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், குருதியை நாடாமல் ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டே அதனை ஆக்கும் முறையும் வந்தது.

காமாலையை உண்டாக்கும் வைரஸ், பல்லாண்டுகட்குப் பின் புற்றுநோயையும் உண்டாக்குமா? பலர் ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க முற்பட்டவர் பாமர் பீசிலி என்னும் அமெரிக்க மருத்துவர். தைவான் தீவில் கல்லீரற் புற்றுநோய் மிகுதி. அங்கே அரசுப் பணியில் இருந்த ஆடவர் 22,707 பேரைத் தேர்ந்து, அவருள் வைரஸைத் தாங்கியிருந்தோர் யாவர், இல்லாதோர் யாவர் எனச் சோதித்துக் குறித்துக்கொண்டார். பின்பு அவர் செய்ததெல்லாம் காத்திருந்து கணக்கு எழுதியதே. இத்தகைய ஆய்வில் விந்தைக் கருவிகட்கு இடமில்லை, பொறுமைக்கே இடமுண்டு. 1981ஆம் ஆண்டில் அவர் கணக்கை வெளியிட்டபோது 41 பேருக்குக் கல்லீரற் புற்றுநோய் கண்டிருந்தது. அவருள் 40 பேர் வைரஸைத் தாங்கியவர்கள். ஒருவர் மட்டுமே அல்லாதவர். வைரஸைத் தாங்கியவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்க்கு இருப்பதைப்போல் 223 மடங்கு என்பது அவர் கண்ட முடிவு.

வளர்ந்தவரைப் பற்றும் வைரஸைப் பெரும்பாலும் உடலே சில திங்களில் வென்றுவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தையை அது பற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் நிலைத்துத் தங்கிவிடுகின்றது. நாற்பது ஐம்பது ஆண்டுகட்குப் பின் தோன்றும் புற்றுநோய்க்கு வித்து, பிறந்த நாளிலேயே விழுந்துவிடுகின்றது. எனவே தடுக்கவேண்டிய நாளும் அதுவே. தைவான் அரசு 1984ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வைரஸைத் தாங்கிய தாய்மாரின் குழந்தைகட்குத் தடுப்பூசி இடத் தொடங்கியது. ஈராண்டுகளில் பிறக்கும் குழந்தைகள் அனைவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. பயனைக் காணப் பல்லாண்டு ஆகும் என்றே பலரும் கருதினர். ஆயினும் குழந்தைகளிடத்தும் இப்புற்றுநோய் அருகித் தோன்றுவதுண்டு. பயன் முதலில் அங்கே தெரிந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறாருள் இலட்சத்திற்கு 0.70 என இருந்த ஆண்டு அளவு, 1990 முதல் 1994 வரையுள்ள காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. சாங் மெய்-ஹுவெய் என்னும் மருத்துவ அம்மையாரும் துணைவரும் இதனை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தடுப்பூசியால் ஒரு புற்றுநோய் குறைந்ததை மனிதர் கணக்கிட்டு அறிந்தது அதுவே முதன்முறை. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் குழந்தைகட்கு இவ்வூசி இடப்படுகின்றது. இந்திய நாடெங்கும் 2011ஆம் ஆண்டு முதல் இது பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துள் முதல் ஊசி இடப்படல் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் சிற்றூர்ப் பாட்டியரும் அறிந்தது. அதனை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று சென்னை ஆய்வாளர் தியாகராசனும் அவர் குழுவினரும் பிளம்பர்க்கோடு சேர்ந்து முனைந்தனர். வைரஸைத் தாங்கியவருள் கீழாநெல்லித் தூள் உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் நீங்கியது. வெறுந்தூள் உண்ட 23 பேரிலோ ஒருவரிடமே நீங்கியது. 1988ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தபோது உலகமே சென்னையை நோக்கியது. ஆனால் தாய்லாந்து முதலிய நாடுகளில் மீண்டும் செய்து பார்த்தபோது அப்பயன் கிட்டவில்லை. நம் மூலிகையாயிற்றே என்று வருந்துவோர் வருந்தலாம். ஓரிடத்தில் கண்டதை வேறிடத்தில் வேறொருவர் செய்தும் காண்பதே அறிவியலின் உரைகல் ஆதலின், கீழாநெல்லி ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸை நீக்கும் மருந்தாக இடம்பெறவில்லை.

தடுப்பூசி வருமுன் பிறந்தோர் நிலை வேறு. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வைரஸைத் தாங்கியிருந்தனர். அவர்க்கு ஊசியாற் பயனில்லை. வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் உள்ளன. கல்லீரல் வடுப்பட்டு இறுகியவர் ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் புற்று சிறிதாய் இருக்கும்போதே அகப்படும். வேறு வாயில்களும் இல்லாமற் போகவில்லை. 1989ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் சி வைரஸ் அவற்றுள் ஒன்று. அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் சில திங்கள் உண்ணும் மாத்திரைகளால் அதனை அறவே நீக்கலாம். மது மற்றொன்று. ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஊறும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு வேறொன்று. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான், அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தமை வெளிப்பட்டது. உடற்பருமனாலும் நீரிழிவாலும் கல்லீரலில் கொழுப்பு படிதல் இந்நாளில் பெருகிவரும் காரணமாகும்.

புற்று தோன்றியபின் செய்யத்தக்கது யாது? கல்லீரலுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு: வெட்டினால் மீண்டும் வளரும். கிரேக்கர் கதையொன்றில், பாறையிற் பிணிக்கப்பட்ட பிரொமிதியூஸின் ஈரலைக் கழுகு நாள்தோறும் தின்ன, அது நாள்தோறும் வளர்ந்ததாம். கதையின் விரைவு இல்லாவிடினும், நலமுள்ள கல்லீரலின் பெரும்பகுதியை நீக்கினாலும் சில வாரங்களில் அது தன் அளவை எட்ட முயலும். ஆகவே புற்றுள்ள பகுதியை மட்டும் அறுத்தெடுக்கலாம். ஆனால் இந்நோயாளர் பலர்க்கு எஞ்சிய கல்லீரலும் வடுப்பட்டிருக்கும், அது வளராது. அத்தகையோர்க்குக் கல்லீரலையே மாற்றுதல் உண்டு. முதலில் இம்முறை பெருந்தோல்வி கண்டது; மாற்றிய ஈரலிலும் புற்று மீண்டும் முளைத்தது. யார்க்கு மாற்றுவது என்பதில்தான் பிழை இருந்தது. 1996ஆம் ஆண்டில் மிலான் நகர மருத்துவர் மட்சாபெரோ ஓர் அளவுகோல் வகுத்தார்: ஒரே கட்டி எனின் ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாதது, பல எனின் மூன்றுக்கு மேற்படாமல் ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்டது. இவ்வாறு தேர்ந்த நோயாளருள் நான்கில் மூவர் நான்காண்டுகள் கடந்தும் உயிர்வாழ்ந்தனர்.

சிறு கட்டிகளை ஊசிவழிச் செலுத்தும் வெப்பத்தாற் பொசுக்கலும் உண்டு. பெரிய கட்டிகளிடத்து வேறொரு சூழ்ச்சி பயன்படுகின்றது. நலமுள்ள கல்லீரல் குடலிலிருந்து வரும் சிரைவழியே பெரும்பாலான குருதியைப் பெறுகின்றது. புற்றுக்கட்டியோ தமனியையே நம்பி வாழ்கின்றது. ஆதலின் கட்டிக்குச் செல்லும் தமனிக்கிளையை மருந்தோடு அடைத்துவிட்டால் கட்டி பட்டினியால் வாடும், கல்லீரல் பிழைக்கும். பரவிய நோய்க்கு நெடுங்காலம் மருந்தே இல்லை. சொராபெனிப் என்னும் மாத்திரை நோயாளரின் இடைநிலை வாழ்நாளை 7.9 திங்களிலிருந்து 10.7 திங்களாக நீட்டிய செய்தி 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களைப் புற்றின்மேல் ஏவும் மருந்தொன்றைப் புதிய குருதிக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், அம்மாத்திரையினும் மிகுந்த பயன் விளைவதை 2020ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கணையத்திற்கு வருவோம். புகையிலையும் உடற்பருமனும் நீண்டநாள் கணைய அழற்சியும் மரபும் இந்நோய்க்குத் துணைபோவன. ஆயினும் தைவானில் அகப்பட்டதுபோல் ஒரே பகைவனாக எதுவும் நிற்கவில்லை. அடைப்பதற்கு ஒரு கதவும் இல்லை. ஆகவே இங்குப் போராட்டம் அறுவை மருத்துவரின் கத்தியிலேயே தொடங்கியது.

கணையத்தின் தலைப்பகுதியில் தோன்றும் புற்று பித்தநாளத்தை நெரிக்கும். பித்தநீர் குடலுக்குச் செல்லாமல் குருதியிற் கலந்து, கண்ணும் தோலும் மஞ்சளாகும். வலியின்றி வரும் இக்காமாலையே பலர்க்கு நோயின் முதல் அறிகுறி. கணையத்தின் தலையை அகற்றுவது கடினம். அதனோடு முன்சிறுகுடலையும் பித்தநாளத்தின் அடிப்பகுதியையும் எடுத்து, எஞ்சியவற்றை மீண்டும் குடலோடு தைத்து இணைத்தல் வேண்டும். பெர்லினில் கவுஷ் என்பவர் 1909ஆம் ஆண்டிலேயே இத்தகைய அறுவையைச் செய்தார். உலகம் அதனை மறந்துவிட்டது. நியூயார்க் மருத்துவர் ஆலன் விப்பிள் 1935ஆம் ஆண்டில் மூன்று நோயாளரிடம் தாம் செய்த அறுவையை வெளியிட்டார். முதல் நோயாளர் பிழைக்கவில்லை. விப்பிள் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யத் துணியவில்லை. முதலில் பித்தநீருக்கு மாற்றுவழி அமைத்து, காமாலை தணிந்தபின் மறுமுறை வயிற்றைத் திறந்தார். காரணம், காமாலை உற்றவரை அறுத்தால் குருதி உறையாது பெருகி அவர் இறப்பர்.

அக்காரணத்தின் மூலத்தைத் தந்தவை கோழிக்குஞ்சுகள். டென்மார்க் நாட்டு அறிஞர் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய உணவை ஊட்டிக் கோழிக்குஞ்சுகளை வளர்த்தபோது அவை குருதி கசிந்து மாண்டதைக் கண்டார். உணவில் ஏதோ ஒரு சத்துக் குறைந்திருந்தது. குருதி உறைதற்கு வேண்டிய அச்சத்துக்கு 1935ஆம் ஆண்டில் வைட்டமின் கே எனப் பெயரிட்டார். பித்தநீர் குடலுக்கு வராவிடில் உடல் இவ்வைட்டமினை ஏற்காது. காமாலையில் குருதி உறையாமையின் விளக்கம் இதுவே! அறுவைக்கு முன் வைட்டமின் கே அளித்தபின் அந்த அச்சம் நீங்கியது. 1940ஆம் ஆண்டில் விப்பிள் முழு அறுவையையும் ஒரே முறையிற் செய்தார். கோழிப்பட்டியில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி அறுவைக்கூடத்தில் வந்து பயன்தரும் என்று யார் எதிர்பார்த்திருக்கக் கூடும்?

ஆயினும் அவர் பெயரால் வழங்கும் அவ்வறுவை நெடுங்காலம் அச்சத்திற்குரியதாகவே இருந்தது. 1960-களிலும் 1970-களிலும் அறுவையுற்றோரில் ஐவர்க்கு ஒருவர் மருத்துவமனையிலேயே இறப்பது அரிதன்று. இதனைக் கைவிடுதலே நன்று என்று எழுதிய மருத்துவரும் இருந்தனர். கைவிடாதவர் சிலர் தையலையும் மயக்க மருந்தையும் பின்காப்பையும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே வந்தனர். பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தொடர்ந்து 145 பேர்க்கு இவ்வறுவை செய்தும் ஒருவரும் இறக்கவில்லை என 1993ஆம் ஆண்டில் ஜான் கேமரன் குழுவினர் எழுதினர். எனினும் இது கைப்பழக்கத்தாற் பெறும் திறன். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் நூற்றுக்குப் பதினாறு பேரும், மிகுதியாக நடக்கும் மருத்துவமனைகளில் நூற்றுக்கு நால்வருக்குக் குறைவாகவும் இறந்தமை தெரிந்தது. நோய் ஒன்றே, மருத்துவமனையைப் பொறுத்து உயிர் தப்புவது வேறுபட்டது.

அறுவை இவ்வாறு நலம்பெற்றும், நோயாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கே அதனைச் செய்ய முடிகின்றது. மற்றவரிடம் நோய் பெருங்குழாய்களைச் சுற்றியோ, கல்லீரல் முதலியவற்றிற் பரவியோ இருக்கும். மருந்தும் எளிதில் உட்புகாது. இப்புற்று தன்னைச் சுற்றி நார் போன்ற கெட்டியான கோட்டை ஒன்றை எழுப்பிக்கொள்கின்றது. 1997ஆம் ஆண்டில் வந்த ஜெம்சிட்டபின் என்னும் மருந்தால், ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு இரண்டிலிருந்து பதினெட்டு ஆயினர். பிரான்சு நாட்டு மருத்துவர்கள் நான்கு மருந்துகளைச் சேர்த்து அளித்து, பரவிய நோயில் இடைநிலை வாழ்நாளை 6.8 திங்களிலிருந்து 11.1 திங்களாக்கினர்; அஃது 2011ஆம் ஆண்டு. அதே சேர்க்கையைச் சிறிது மாற்றி அறுவைக்குப் பின் அளித்தபோது, நோயாளரிற் பாதிப்பேர் 54 திங்களுக்கு மேலும் வாழ்ந்தமை 2018ஆம் ஆண்டில் தெரிந்தது. அமெரிக்க நாட்டில் இந்நோய் கண்டு ஐந்தாண்டு வாழ்ந்தோர் 1970-களில் நூற்றுக்கு மூவர். அண்மைக் கணக்கில் பதின்மூவர். ஐம்பது ஆண்டுகளில் பத்துப்பேர் கூடியதைச் சிறிது என்பதா, பெரிது என்பதா?

இப்புற்றுக்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் கே-ராஸ் என்னும் மரபணு பழுதுற்றிருக்கின்றது. அணுவைப் ‘பெருகு’ என ஏவும் விசை அது. பழுதுற்றால் அணைக்க முடியாத விளக்குப் போல எரிந்துகொண்டே இருக்கும். மருந்து பற்றிக்கொள்ள இடமின்றி வழவழப்பாக இருந்தமையால், முப்பது ஆண்டுகள் இதனை மருந்துக்கு வசப்படாதது என்றே அறிஞர் விட்டுவிட்டனர். 2013ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட் குழுவினர், இப்பழுதின் ஒரு வகையில் சிறு குழி ஒன்று இருப்பதைக் கண்டனர். அக்குழியிற் பொருந்தும் முதல் மருந்து 2021ஆம் ஆண்டில் நுரையீரற் புற்றுநோய்க்கு வந்தது. கணையப் புற்றில் அவ்வகைப் பழுது நூற்றுக்கு ஒன்றிரண்டே. மிகுதியாய்க் காணும் ஏனைய வகைகட்கான மருந்துகளை நோயாளரிடம் சோதிக்கும் பணி அதன்பின் தொடங்கியது.

நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வினோத் பாலச்சந்திரனும் அவர் குழுவினரும் வேறு வழியிற் சென்றனர். அறுத்தெடுத்த கட்டியைப் படித்து, அந்நோயாளர் ஒருவர்க்கே உரிய தடுப்பு மருந்தைத் தூது ஆர்.என்.ஏ. முறையில் ஆக்கி, நோய் மீளாதிருக்க அவர்க்கே இட்டனர். மருந்து பெற்றோர் 16 பேர். அவருள் எண்மர் உடலில் வெள்ளணுக்கள் புற்றை அடையாளம் கண்டுகொண்டன. 2023ஆம் ஆண்டில் முடிவு வெளியானபோது அவ்வெண்மருள் ஒருவர்க்கும் நோய் மீளவில்லை. மற்ற எண்மர் உடலில் அம்மாற்றம் தோன்றவில்லை. அவருட் பலர்க்கு நோய் மீண்டது. பதினாறு பேரைக்கொண்டு முடிவு கூறல் இயலாது. நோயாளர் பலரைச் சேர்த்துச் செய்யும் பெரிய ஆய்வு அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டது.